கடைசல்

எங்கள் வீட்டில் கொலு கிடையாது, ஆயுத பூஜைதான். திருத்தணிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அம்பத்தூர் ஐ.டி.ஐ.யில் டர்னர் படிக்க வந்தவர் அப்பா. அப்படியே அந்த ஊர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒட்டிக்கொண்டு முப்பத்து நான்கு வருஷம் லேத் ஓட்டினார். நவராத்திரியின் முதல் எட்டு நாளும் எங்களுக்கு வெறும் நாள். ஒன்பதாம் நாள் அப்பா எங்களைப் பட்டறைக்குக் கூட்டிப்போவார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த லேத்தின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். (லேத்துக்கு ஏது நெற்றி என்று கேட்கக் கூடாது. ஹெட்ஸ்டாக்தான் நெற்றி.) வெர்னியர், மைக்ரோமீட்டர், உளி எல்லாம் வாழையிலையில் படுத்திருக்கும். பொரி, கடலை, வாசலில் உடைத்த பூசணிக்காய். முதலாளி ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸும் எவர்சில்வர் சாமான் ஒன்றும் கொடுப்பார். ஒரு வருஷம் தூக்கு, ஒரு வருஷம் சம்படம், ஒரு வருஷம் டவரா செட். பரிசு என்ற சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தத் தூக்குதான்.

கொலு எங்கள் வீட்டுக்குள் வந்தது அடுக்குமாடிக்குக் குடிவந்த பிறகு. எதிர்வீட்டில் வைத்தார்கள், என் மகள் கேட்டாள், மூன்று படி கட்டினேன். அவ்வளவுதான் பாரம்பரியம். படி கட்டுவது சுலபம், சுண்டலும் சுலபம். கஷ்டம் எங்கே என்றால், வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு என்ன வைத்துக் கொடுப்பது என்பதில். ரவிக்கைத் துணியைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. வெட்டப்படாமல், தைக்கப்படாமல், மடிப்புக்கூடக் கலையாமல் வீடு வீடாகப் போய்க்கொண்டே இருக்கும் துணி அது. பிளாஸ்டிக் கூடையும் சின்ன எவர்சில்வர் கிண்ணமும் அதே ஜாதி. நான் கொடுத்த கிண்ணமே இரண்டு வருஷம் கழித்து இன்னொரு வீட்டிலிருந்து எனக்கு வந்தது. அடியில் நான் கிழிக்க மறந்த விலைச் சீட்டின் பாதி அப்படியே இருந்தது. கோபம் வரவில்லை. அதை நானும் யாருக்கோ கொடுத்துவிட்டேன்.

இந்த முறை ஒருவர் வீட்டில் தங்கிவிடுகிற மாதிரி ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. கையால் செய்ததாக இருந்தால் தங்குமோ என்று ஒரு நினைப்பு.

கொலு பொம்மை என்றால் சென்னைக்காரர்கள் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் போவார்கள், விவரம் தெரிந்தவர்கள் புரசைவாக்கம் கொசப்பேட்டைக்கே போய்விடுவார்கள், அரசாங்க முத்திரை வேண்டுமென்பவர்கள் அண்ணா சாலை பூம்புகாருக்கு. மேற்கே இருக்கிற எங்களுக்கு அத்தனை தூரம் போக நேரம் வாய்ப்பதில்லை. எங்களைத் தேடி அவை வரும். அம்பத்தூர் ஓ.டி.யிலும் ஆவடி மார்க்கெட் பக்கமும் பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலும் புரட்டாசியில் நடைபாதையோரம் தார்ப்பாய் விரியும். வைக்கோலுக்குள்ளிருந்து தசாவதாரம் எழுந்து வரும். பண்ருட்டியிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் வந்த பொம்மைகள், லாரிப் பயணத்தில் மூக்கு உதிர்ந்த ஓரிரு பிள்ளையார்கள். மாலையில் மேகம் கட்டினால் பொம்மைக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கும் நவராத்திரிக்கும் நடுவில் சில நாள்தான் இடைவெளி, சில வருஷம் அதுவும் கிடையாது.

அச்சில் வார்க்கிற பொம்மையைக் கைவேலை என்று சொல்லலாமா என்று ஒரு முறை எதிர்வீட்டுக்காரர் கேட்டார். ஒரே அச்சு, ஐம்பது கிருஷ்ணன். நியாயமான கேள்விதான். ஆனால் ஐம்பது கிருஷ்ணனையும் வரிசையாக வைத்துக் கண்ணைப் பாருங்கள். கண் கடைசியில் எழுதுவது, மயிர் மாதிரி மெல்லிய தூரிகையில். ஒருவன் திருட்டு விழி விழிப்பான், ஒருவனுக்குத் தூக்கம் வந்திருக்கும். சாயங்காலம் கை சோர்ந்த நேரத்தில் எழுதிய கிருஷ்ணன் எது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பூந்தமல்லிப் பக்கம் ஒரு பெரிய குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த விற்பனைக்கும் போனேன். அங்கே எல்லாவற்றிலும் ‘ஹேண்ட்மேட்’ என்று சின்ன அட்டை கட்டியிருந்தார்கள். குவில்லிங் கம்மல், ரெசின் சாவிக்கொத்து, மண்டலா வரைந்த மரத்தட்டு. செய்தவர்கள் அதே குடியிருப்புப் பெண்கள். வாங்குகிறவர்களும் அவர்களே. குறை சொல்ல மாட்டேன். ஒரு பெண் குரோஷாவில் பின்னிய கிளி ஒன்று அவ்வளவு அழகு. ஆனால் அந்த அட்டை உறுத்திக்கொண்டே இருந்தது. என் அம்மா போட்ட ஊறுகாயில் யாரும் அப்படி அட்டை கட்டவில்லையே. எல்லாம் கையால் நடந்த காலத்தில் ‘கையால் செய்தது’ என்று ஒரு சொல்லுக்கே வேலை இருந்திருக்காது.

கடைசியில் ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிருந்த கண்காட்சிக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்பாவுக்கு எழுபத்தொன்று. வீட்டில் உட்கார்ந்து தேய்கிறார். ‘எனக்கென்னம்மா அங்க’ என்றவர், பேண்ட் மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் லிஃப்டில் நின்றார்.

பாதிக் கடைகள் மகளிர் சுய உதவிக் குழுக்களுடையவை. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய முயற்சி இன்றைக்குத் தமிழ்நாட்டில் குழு இல்லாத தெரு இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. 1983-லேயே ஏற்பட்ட மகளிர் மேம்பாட்டு நிறுவனம் அவர்கள் பொருளை ‘மதி’ என்ற பெயரில் விற்க வழி செய்கிறது. ஆவடிக் குழுக்களிடம் தையல் நன்றாக இருக்கும். ராணுவச் சீருடை தைக்கிற ஆலை உள்ள ஊர், வீட்டுக்கு வீடு மிஷின் சத்தம் கேட்டு வளர்ந்த பெண்கள். ஒரு மேஜை முழுக்கத் தாம்பூலப் பைகள். மஞ்சள் துணியில் இரட்டைத் தையல், காது பிய்யாமல் இருக்கக் குறுக்கே ஒரு பெட்டித் தையல். 2019 ஜனவரி முதல் நாள் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்து, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்த பிறகு, பட்டிக்காட்டான் பை என்று கேலி செய்யப்பட்ட மஞ்சப்பை கல்யாண வீட்டு வாசலுக்கு மரியாதையோடு திரும்பியிருக்கிறது. இருபத்தொன்று வாங்கிக்கொண்டேன். பைக்குள் வைக்க?

மண்டபத்தின் மூலையில் ஒருவர் மர சாமான் பரப்பியிருந்தார். ஆந்திரத்து ஏட்டிக்கொப்பாக்கா சாமான். பம்பரம், கிலுகிலுப்பை, சொப்பு, குங்குமச் சிமிழ். தெலுங்கு கலந்த தமிழில், ‘பாருங்க அம்மா, எடுத்துப் பாருங்க, கலர் போகாது’ என்றார். நான் நிறம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரு சிமிழை எடுத்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கட்டைவிரல் நகத்தை அதன் பக்கவாட்டில் மெல்ல இழுத்தார். பட்டறையில் ஜாப் முடிந்ததும் ஃபினிஷ் பார்க்க அப்படித்தான் இழுப்பார்கள். நகத்துக்குத் தெரிகிறது கண்ணுக்குத் தெரியாது.

‘கடைசல்’ என்றார். பிறகு, ‘இது கையில பிடிச்ச உளி. டூல் போஸ்ட்ல கட்டினது இல்ல.’

எப்படித் தெரியும் என்றேன். இரும்பு லேத்தில் உளியை இறுக்கிக் கட்டிவிடுவார்கள், கைப்பிடியைச் சுற்றினால் அது நேர்கோட்டில் நகரும், அதனால் வரி ஒரே சீராக விழும். மர லேத்தில் உளி கையிலேயே இருக்கும், ஒரு கட்டை மேல் சாய்த்துப் பிடித்துக்கொள்வார்கள், அதனால் வரி மூச்சு விடும். ‘மூச்சு விடும்’ என்றுதான் சொன்னார். எழுதுகிறவள் நான், எனக்கு இப்படி ஒரு சொல் வந்ததில்லை.

கடைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வராக நதிக்கரை ஊர், அங்குடு கர்ரா என்கிற மரம். அவர் சொன்ன அங்குடு நம் வெட்பாலைதான், தோல் வியாதிக்குத் தைலம் காய்ச்சுகிறோமே அதே மரம். மைசூர்ச் சாலையில் சன்னபட்ணத்துப் பொம்மையும் அந்த மரத்தில்தான் கடைகிறார்கள். வெள்ளை மரம், நார் தெரியாது, உளிக்கு வெண்ணெய் மாதிரி விட்டுக்கொடுக்கும். நிறத்துக்கு பெயிண்ட் கிடையாது, அரக்கு. நிறம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழல்கிற மரத்தில் அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே உருகிப் பூசிக்கொள்ளும். மேலே தாழை மடலை வைத்துத் தேய்த்தால் பளபளப்பு. ஏட்டிக்கொப்பாக்காவில் செடி, விதை, வேர் இவற்றின் சாயத்தையே மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்த சி.வி. ராஜுவுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாமானுக்குப் புவிசார் குறியீடு 2017-லேயே கிடைத்துவிட்டது. நம் பக்கத்தில் அம்பாசமுத்திரத்தில் மஞ்சக்கடம்பில் கடைகிற சொப்பும் இதே குடும்பம்தான்.

அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கை சும்மா இருக்கவில்லை. சிமிழைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூடி உடனே போய் உட்காரவில்லை. உள்ளே இருந்த காற்று வெளியேற வெளியேற மெதுவாக இறங்கி, கடைசியில் ஒரு சின்ன ‘தொப்’. மறுபடி திறந்தார். மறுபடி இறங்கியது. ‘ஸ்லைடு ஃபிட்’ என்றார் எனக்கு. ‘கேஜ் கெடையாது, வெர்னியர் கெடையாது. வெறும் கையி.’

பிறகு ஒன்று செய்தார். இரண்டு சிவப்புச் சிமிழ்களைத் திறந்து மூடிகளை மாற்றிப் போட்டார். ஒன்று தொளதொளவென்று ஆடியது, மற்றது ஏறவே மாட்டேனென்றது. ‘பாத்தியா’ என்றார், ஏதோ அவரே செய்தது மாதிரி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அச்சு அசல். ஆனால் இதன் மூடி இதற்குத்தான். கடைகிறவர் சிமிழைக் கடைந்து, அதே கையோடு அதற்கென்று மூடியைக் குடைந்து, போட்டுப் பார்த்து, ஒரு இழை எடுத்து, மறுபடி போட்டுப் பார்த்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண்மணியும் சிவப்பாகத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா அவருக்கும் ஒரு முறை மாற்றிக் காட்டினார்.

அங்கே நின்றபோது ஒன்று எனக்குப் புரிந்தது. அப்பா முப்பத்து நான்கு வருஷம் செய்த வேலை இதற்கு நேர் எதிர். எந்த மூடியும் எந்த சிமிழுக்கும் பொருந்த வேண்டும், அதற்குத்தான் சம்பளம். இன்று கடைந்த புஷ் ஆறு மாசம் கழித்து வேறொருவர் கடைந்த ஷாஃப்டில் ஏறியாக வேண்டும். கோ, நோ-கோ என்று இரண்டு முனை கேஜ் ஒன்று இருக்கும். ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. இரண்டில் ஒன்றில் தேறாவிட்டாலும் ரிஜெக்‌ஷன் தொட்டிக்குப் போகும். இது யார் கடைந்தது என்று பொருளைப் பார்த்து ஒருவன் சொல்லிவிட முடிந்தால் அது தப்பாகக் கடைந்தது என்று அர்த்தம். தன் கை இருந்த அடையாளத்தைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டு போகிற வேலை. அதற்கு என்ன கை வேண்டும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. பத்து மைக்ரானை விரல் நுனியில் உணர்கிற கைகளுக்கு ‘ஹேண்ட்மேட்’ அட்டை யாரும் கட்டுவதில்லை.

எங்கள் பக்கமே அப்படிப்பட்ட கைகளின் பக்கம். 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள், 1960-களில் எழுந்த எஸ்டேட், 1965-ல் முதல் விஜயந்தா டாங்கியை ஓட்டி வெளியே கொண்டுவந்த ஆவடி. பஸ்ஸில் நடத்துநர் கூவுகிற நிறுத்தங்களே கம்பெனிப் பெயர்கள்: பிரிட்டானியா, டன்லப், வாவின். டன்லப் மூடிய பிறகும் டன்லப்பில் இறங்குகிறோம். பட்டறைகள் இருந்த இடங்களில் ஐ.டி. கட்டடங்கள். மிச்சமுள்ள பட்டறைகளில் சி.என்.சி. வந்துவிட்டது. அப்பா ஓட்டிய சென்டர் லேத்தைப் பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் எடுத்துக்கொண்டு போனார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எஸ்டேட்டே மூழ்கியபோது, ‘நல்லவேளை, அது இதப் பாக்கல’ என்றார் அப்பா, மனுஷரைச் சொல்வது மாதிரி.

ஒரு தொழில் ஓய்ந்த இடத்தில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தைக்கென்றே மர பொம்மை கடைகிற ஸைஃபன் என்று ஓர் ஊர் உண்டு. தாது மலைகளில் இருக்கிறது. டிரெஸ்டன் நகரத்துச் சந்தை 1434-லிருந்து நடப்பது. அந்த மாதிரிச் சந்தைகளுக்கு இந்த மலையூர்ச் சாமான்தான் அழகு. ஸைஃபன்காரர்கள் முதலில் பொம்மைக்காரர்கள் கிடையாது, வெள்ளீயம் தோண்டிய சுரங்கக்காரர்கள். சுரங்கம் வற்ற வற்ற லேத்துக்குத் திரும்பினார்கள். அவர்களிடம் ஒரு வித்தை இருக்கிறது. ஈர மரத்தை வளையமாகக் கடைவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் மேடும் பள்ளமுமான ஒரு மோதிரம், ஒன்றும் புரியாது. அதைக் கேக் வெட்டுகிற மாதிரி துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் ஒரு குதிரை, அல்லது ஒரு ஆடு. உள்ளே இருக்கிற குதிரையைப் பார்க்காமலே கடைந்திருக்கிறார்கள். இதை அப்பாவிடம் சொன்னபோது ஒரு நிமிஷம் பேசவில்லை. ‘ப்ரொஃபைல் டர்னிங்’ என்றார் பிறகு. ‘கஷ்டம்.’ அவர் அகராதியில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

சுரங்கம் போனதும் ஸைஃபனுக்குப் பொம்மை கிடைத்தது. எஸ்டேட் டர்னர்களில் பலருக்கு வாட்ச்மேன் வேலை கிடைத்தது.

விலைக்கு வருகிறேன். சிமிழ் எழுபது ரூபாய். எங்களோடு வந்திருந்த எதிர்வீட்டுக்காரர் என் காதில், ‘ஐம்பதுக்குக் கேளுங்க, இருபத்தொன்னு எடுக்கிறோமில்ல, குடுத்துடுவாரு’ என்றார். எனக்கும் அதே நினைப்புதான், மறைப்பானேன். மாலில் அட்டையில் போட்ட விலையை வாய் திறக்காமல் கொடுக்கிற நாம், செய்தவரோ செய்தவருக்கு வேண்டியவரோ எதிரில் நின்றால் உடனே பேரத்துக்கு இறங்குகிறோம். ஆள் முகம் தெரிந்தால்தான் நமக்குக் குறைக்கத் தோன்றும்.

நான் வாயெடுக்குமுன் அப்பா ஆரம்பித்தார். என்னிடம்தான் பேசினார், கடைக்காரர் பக்கம் திரும்பவே இல்லை. ‘கட்டைய வெட்டி, காய வெச்சு, சென்டர் பாத்து மாட்டி, வெளிய கடைஞ்சு, உள்ள குடைஞ்சு, மூடிக்குத் தனி. அரக்கு. பாலீஷ். ஒன்னுக்கு இருபது நிமிஷம் வெச்சுக்க. மணிக்கு மூணு. எட்டு மணி நேரத்துக்கு இருபத்துநாலு. ரெண்டு மூணு ஒடையும், வெடிக்கும். நீ வாங்குற இருபத்தொன்னு ஒரு ஆளோட ஒரு நாள்.’

ஆயிரத்து நானூற்று எழுபது ரூபாய். அதில் மரம், அரக்கு, கரண்ட், லாரி, இவர் இங்கே வந்து தங்குகிற செலவு, மண்டப வாடகை. மிச்சம் அந்த ஒரு ஆளின் ஒரு நாள். எதிர்வீட்டுக்காரர் சொன்ன மாதிரி கேட்டிருந்தால் நானூற்று இருபது குறைந்திருக்கும். அது யார் பங்கிலிருந்து குறையும் என்பதைப் பீஸ் ரேட்டில் வாழ்ந்தவருக்கு விளக்க வேண்டியதில்லை. எழுபது வீதம் கொடுத்தேன். கடைக்காரர் தானாகவே ஒரு பம்பரத்தை எடுத்து, ‘பாப்பாக்கு’ என்று பையில் போட்டார். அப்பா அதையும் நகத்தால் இழுத்துப் பார்த்தார்.

சனிக்கிழமை ராத்திரி கூடத்தில் உட்கார்ந்து தாம்பூலப் பை போட்டோம். மஞ்சள், குங்குமம், கண்ணாடி, சீப்பு, சிமிழ். குங்குமப் பொட்டலத்தைச் சிமிழுக்குள் வைக்கலாமென்று என் மகள் இருபத்தொன்றையும் திறந்து மூடிகளை ஒரு தாம்பாளத்தில் குவித்துவிட்டாள். மஞ்சள் பன்னிரண்டு, சிவப்பு ஒன்பது. பார்த்ததும் அப்பா தலையில் கை வைத்தார். எங்களுக்குப் புரிய ஐந்து நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ஒன்றரை மணி நேரம் ஜோடி சேர்த்தோம். போட்டுப் பார்ப்பது, ஆடுகிறதா என்று பார்ப்பது, எடுப்பது. மகளுக்கு முதலில் எரிச்சல். பிறகு அவளுக்கே அந்த இறக்கம் பிடிபட்டுவிட்டது. சரியான மூடி என்றால் விரலை எடுத்துவிட்டுக் காத்திருப்பாள், தானாக இறங்கி ‘தொப்’ என்றதும், ‘தாத்தா, செட்டு’ என்பாள்.

இருபது சேர்ந்தன. கடைசியில் ஒரு சிவப்புச் சிமிழும் ஒரு சிவப்பு மூடியும் மிச்சம். இரண்டுக்கும் ஆகவில்லை. மூடி ஆடியது. மறுபடி எல்லாச் சிவப்பையும் பிரித்துப் பார்த்தோம். மற்ற எட்டும் சரியான ஜோடிதான்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ‘நான்தான்’ என்றார். ‘அங்க மாத்திப் போட்டுக் காட்டினேனே, திருப்பி மாத்த மறந்துட்டேன் போல. அந்தம்மா ஒன்ன எடுத்துட்டுப் போய்ட்டாங்க.’

ஒரு தேய்ப்புக் காகிதம் போட்டு ஏதாவது செய்யலாமே என்றேன். தேய்த்தால் இன்னும் ஆடும் என்று சிரித்தார். செய்தித்தாளில் ஒரு இழை அகலத்துக்குக் கிழித்து, மூடியின் உள்வட்டத்தில் கோந்து தடவி ஒட்டினார். ஷிம். பட்டறையில் தேய்ந்த பேரிங்குக்குத் தகரத்தை வெட்டி வைப்பார்கள், அது மாதிரி. காய்ந்ததும் போட்டுப் பார்த்தார். இறங்கியது. மற்றதைவிடக் கொஞ்சம் வேகமாக, ஆனால் இறங்கியது. அதை யாருக்கும் கொடுக்காமல் நாங்களே வைத்துக்கொண்டோம்.

தூங்கப் போகுமுன் ஜன்னலைச் சாத்த வந்தவர் வெளியே பார்த்தார். கொரட்டூர்ப் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

‘நம்முது ஆடுது, பரவால்ல’ என்றார். ‘அந்தம்மா வீட்டுல டைட்டா அமுக்கி மூடி வெச்சிருப்பாங்க. மழ வேற வருது, மரம் ஊதும். இனிமே தொறக்கவே வராதும்மா.’